ஸ்டெப்னி இல்லாத காரில் என்ன இருக்க வேண்டும்?

புதுக் கார் வந்தால் செய்ய வேண்டிய காரியங்கள் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கோயில் வாசலில் நிறுத்தி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்க வேண்டும். ஐந்தாவது சக்கரம் இருக்கிறதா என்று அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை.

ஐயங்கார்குளத்தில், சஞ்சீவிராயர் கோயில் வாசலில் பூஜை முடிந்த ஒரு சின்ன பேட்டரி காரைப் பொறுத்தவரை, பார்த்தவர் ஒருவர் இருந்தார். அந்த வீட்டுப் பெரியவர். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பின்பக்கம் வந்து டிக்கியைத் திறக்கச் சொன்னார்.

“ஏம்மா, ஸ்டெப்னி எங்க வச்சிருக்காங்க?”

“இதுல ஸ்டெப்னி வராதாம் மாமா. அதுக்குப் பதிலா இது” என்று மருமகள் டிக்கியின் கம்பளத்தைத் தூக்கிக் காட்டினாள். ஒரு தெர்மாகோல் தட்டு. அதில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு காற்று பம்ப், பால் மாதிரி ஏதோ நிரப்பிய ஒரு பாட்டில். ஜாக்கி இல்லை, ஸ்பேனர் இல்லை.

“பாட்டிலைக் கொடுத்துட்டு டயர்னு சொல்றாங்களா!” என்று பெரியவர் சிரித்தார். மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காரை வாங்கியதே அவருக்காகத்தான்.

வாரத்தில் மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ். காஞ்சிபுரத்தில் காலை ஆறு மணி ஷிஃப்ட். ஐந்தேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மகனுக்கு ஒரகடத்தில் வேலை. பாதி நாள் இரவு ஷிஃப்ட். அதனால் வண்டி ஓட்டுவது மருமகள்தான். போகும்போது பெரியவர் தெம்பாக இருப்பார். நான்கு மணி நேரம் மெஷினில் படுத்துவிட்டுத் திரும்பும்போது பிரஷர் இறங்கி, சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். இடது கையில் ஊசி போடுவதற்கென்று ஆபரேஷன் செய்து வைத்த ஃபிஸ்துலா இருக்கிறது. அந்தக் கையால் கனமான எதையும் தூக்கக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. ஒரு காலத்தில் லாரிச் சக்கரத்தைத் தனி ஆளாகக் கழற்றி மாட்டியவர், இன்று ஒரு ஸ்பேனரைக் கூட அழுத்தக் கூடாது.

ஆக, வழியில் டயர் இறங்கினால் இறங்கி வேலை செய்ய ஒரே ஒரு ஆள்தான். அவளிடம் இருப்பது ஒரு பாட்டில்.

தெருப் பெயரில் பிறந்த சொல்

‘ஸ்டெப்னி’ என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் வார்த்தைக்கு ஒரு கதை உண்டு. ஆரம்ப காலத்துக் கார்களுக்கு மாற்றுச் சக்கரமே கிடையாது. பஞ்சர் ஆனால் நடுவழியில் டயரைக் கழற்றி ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் 1904 வாக்கில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காற்றடித்த டயர் மாட்டிய, ஆரமில்லாத ஒரு வளையம். பஞ்சரான சக்கரத்தின் மேலேயே அதைக் கவ்வ வைத்து ஓட்டிக்கொண்டு போகலாம். அவர்கள் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி ஸ்ட்ரீட். தெருவின் பெயர் பொருளுக்கு வந்தது. அந்தப் பொருள் வழக்கொழிந்த பிறகும் பெயர் மட்டும் நம் நாட்டில் நிலைத்துவிட்டது.

நூறு வருஷத்துக்கு மேல் காரோடு கூடவே வந்த அந்த ஐந்தாவது சக்கரம் இப்போது பல கார்களில் காணாமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. பேட்டரி காரில் அடிப்பகுதியை பேட்டரி பிடித்துக்கொள்கிறது. சில கேஸ் கார்களில் டிக்கியை சிலிண்டர் பிடித்துக்கொள்கிறது. சின்னக் காரின் சக்கரம் ஒன்றே பன்னிரண்டு, பதினைந்து கிலோ வரும். அதைக் குறைத்தால் எடையும் குறையும், செலவும் குறையும்.

சட்டமும் இடம் கொடுத்துவிட்டது. 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டிரைவரைத் தவிர்த்து எட்டுப் பேருக்கு மேல் உட்கார முடியாத, மூன்றரை டன்னுக்கு மிகாத பயணிகள் வண்டிகளில், டியூப்லெஸ் டயரும், பஞ்சர் பார்க்கும் கிட்டும், டயரின் காற்று குறைந்தால் எச்சரிக்கும் டி.பி.எம்.எஸ். வசதியும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. எனவே ஸ்டெப்னி கொடுக்காதது ஏமாற்று வேலை இல்லை. ஆனால், கொடுத்த கிட் நம் வீட்டுக்குப் போதுமா என்பதை அந்த வீடுதான் முடிவு செய்ய வேண்டும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் டயருக்குப் பஞ்சமில்லை. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பெரிய டயர் ஆலைகளே இருக்கின்றன. ஆனால், விடியற்காலை ஐந்தேகால் மணிக்கு ஐயங்கார்குளத்துச் சாலையில் ஒரு பஞ்சர் கடையும் திறந்திருக்காது. அந்தப் பக்கத்துச் சாலைகளில் ஆணிக்கும் குறைவில்லை. வீடு கட்டும் இடத்துக் கம்பித் துண்டு, கூரை ஷீட்டிலிருந்து விழும் ஸ்குரூ, ஓரத்தில் ஒதுங்கினால் வேலிகாத்தான் முள், உத்திரமேரூர் பக்கம் போனால் கல்குவாரி லாரிகள் சிந்திவிட்டுப் போகும் ஜல்லி. போதாக்குறைக்கு வருஷத்தில் ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்கு, காஞ்சி வரதராஜப் பெருமாள் ஊரின் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளுவார். தரைக்குக் கீழே படிகளிறங்கிப் போகும் அந்தக் கிணற்றைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஜனம் வரும். அன்றைக்கு டயர் இறங்கினால் உதவி வண்டி உள்ளே வருவதே கஷ்டம்.

கடைக்காரர் நடத்திய பாடம்

இரண்டு வாரம் யோசித்துவிட்டு, ஒரு டயாலிசிஸ் நாளில் மாமனாரை உள்ளே அனுப்பிய பிறகு கிடைத்த நான்கு மணி நேரத்தில், அவள் காஞ்சிபுரத்தில் ஒரு பஞ்சர் கடைக்குப் போனாள். பஞ்சர் போட அல்ல, கேட்டுத் தெரிந்துகொள்ள. கையில் ஒரு நோட்டு.

“அண்ணா, என்கிட்ட ஸ்டெப்னி இல்ல. வழியில நின்னுட்டா நான் ஒருத்தியே சமாளிக்கற மாதிரி எது வாங்கி வைக்கணும்?”

கடைக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். “உக்காருமா. மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. எந்தக் கிட்டா இருந்தாலும் டயரோட முகத்துல, அதாவது ரோட்டைத் தொடற இடத்துல ஓட்டை இருந்தாத்தான் வேலை செய்யும். பக்கவாட்டுல கிழிஞ்சாலோ, வெடிச்சாலோ, ரிம் வளைஞ்சாலோ எதுவும் செய்யாது. அதுக்கு வண்டியைத் தூக்கிட்டுப் போற வண்டிதான்.”

அவள் நோட்டில் முதல் வரியாக அதை எழுதிக்கொண்டாள்.

காரோடு வந்த பாட்டிலைப் பற்றி: உள்ளே இருப்பது ரப்பர் பால் மாதிரியான திரவம். பம்ப் வழியாக அதை டயருக்குள் செலுத்தினால், காற்று வெளியேறும் ஓட்டையில் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஏறக்குறைய நான்கு, ஆறு மில்லிமீட்டர் வரையிலான ஓட்டைக்குத் தாங்கும். குத்திய ஆணியைப் பிடுங்கக் கூடாது. ஆணி இருந்தால்தான் அடைப்பு நிற்கும். ஏற்றிய உடனே சில கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், அப்போதுதான் திரவம் டயர் முழுக்கப் பரவும். பிறகு நிறுத்தி, காற்றை மறுபடி அளந்து, குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. பத்து நிமிடம் பம்ப் ஓடியும் புத்தகத்தில் சொன்ன அளவுக்குக் காற்று ஏறவில்லை என்றால், ஓட்டை பெரியது என்று அர்த்தம். அங்கேயே நின்றுவிட வேண்டும்.

இதில் நல்லது என்ன? குனிய வேண்டாம், பலம் வேண்டாம், சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். கெட்டது? ஒரு தடவைதான். மறுபடி புதுப் பாட்டில் வாங்க வேண்டும். பாட்டிலின் மேல் காலாவதி தேதி உண்டு. மருந்து பாட்டில் மாதிரியே நான்கைந்து வருஷத்தில் காலாவதியாகும். டயருக்குள் சென்சார் இருக்கும் கார்களில் அதன்மேல் படிந்து அடைத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

“அப்புறம் எங்ககிட்ட வரும்போது அந்தப் பாலை முழுக்க வழிச்சு எடுக்கணும். சில கடையில முடியாதுன்னு சொல்லிடுவாங்க. வரும்போதே ‘உள்ள மருந்து ஏத்தியிருக்கேன்’னு சொல்லிடு. தெரியாம கழட்டினா மேலெல்லாம் தெறிக்கும்” என்றார் கடைக்காரர்.

அடுத்து, கடைகளில் தொங்கும் ஸ்ப்ரே டப்பா. ஒரு பட்டனை அழுத்தினால் நுரையும் காற்றும் சேர்ந்தே டயருக்குள் போகும். பம்ப்கூட வேண்டாம். பார்க்க எல்லாவற்றிலும் சுலபம் இதுதான். ஆனால், டப்பாவின் பின்னால் சின்ன எழுத்தில் இருப்பதை அவள் படித்தாள். 50 டிகிரிக்கு மேல் சூட்டில் வைக்காதே. பல டப்பாக்களில் தீப்பிடிக்கும் வாயு. அக்னி நட்சத்திரத்தில் ஆஸ்பத்திரி வாசல் வெயிலில் நான்கு மணி நேரம் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் 50 டிகிரி என்பது சாதாரணம். இன்னொன்று, ஒரு டப்பாவில் இருக்கும் வாயு மோட்டார் பைக் டயருக்குப் போதுமே தவிர, கார் டயரை முழு அழுத்தத்துக்குக் கொண்டுவரும் என்று நம்ப முடியாது. நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டாள்.

மூன்றாவது, திரி வைக்கும் கிட். டியூப்லெஸ் பஞ்சருக்குக் கடைக்காரர்கள் செய்வதையே நாம் செய்வது. கைப்பிடி போட்ட ரம்பக் கம்பி ஒன்று, காதுள்ள ஊசி ஒன்று, பிசுபிசுப்பான ரப்பர் திரிகள், ஒரு சின்ன சொல்யூஷன் டியூப். விலை சில நூறு ரூபாய்தான். இங்கே ஆணியைப் பிடுங்க வேண்டும். அது எந்தச் சாய்வில் இறங்கியிருந்ததோ அதே சாய்வில் ரம்பக் கம்பியை விட்டு ஓட்டையைச் சொரசொரப்பாக்க வேண்டும். ஊசிக் காதில் திரியைக் கோத்து, சொல்யூஷன் தடவி, நுனி மட்டும் வெளியே தெரியும்வரை அழுத்தி, ஊசியை வெடுக்கென்று இழுத்தால் திரி உள்ளேயே தங்கிவிடும். காற்றடித்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். நன்றாக வைத்தால் பல மாதம் தாங்கும். ஆனாலும் டயரைக் கழற்றி உள்பக்கத்திலிருந்து காளான் மாதிரி இருக்கும் அடைப்பானை ஒட்டுவதுதான் நிரந்தர வைத்தியம்.

“அண்ணா, நான் ஒண்ணு வச்சுப் பார்க்கட்டுமா?”

கடை ஓரத்தில் கிடந்த பழைய டயர் ஒன்றைக் கடைக்காரர் உருட்டிவிட்டார். தரையில் படுத்திருந்த டயரில் அவளால் வைக்க முடிந்தது; ரம்பக் கம்பியை இறக்க உடம்பின் முழு கனத்தையும் போட வேண்டியிருந்தது. “இப்போ உன் கார்ல, பின்சக்கரத்துல, மட்கார்டுக்குள்ள கையை விட்டு இதைச் செய்யணும்” என்றார் கடைக்காரர். முன்சக்கரம் என்றால் ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொஞ்சம் வெளியே கொண்டுவரலாம். பின்சக்கரத்துக்கு அந்த வழி இல்லை. ஓட்டை தரைப்பக்கம் இருந்தால் வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி மேலே கொண்டுவர வேண்டும். ஜாக்கியும் கிடையாது. மங்கிய வெளிச்சத்தில், பக்கத்தில் நோயாளி உட்கார்ந்திருக்க, முதல் தடவையாகச் செய்யக்கூடிய வேலை இல்லை இது என்று அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டாள். தன்னால் முடியாவிட்டாலும், கிராமத்துச் சாலையில் நிற்கும் வண்டியைப் பார்த்து நிறுத்தும் டிராக்டர்காரருக்கோ வேன் டிரைவருக்கோ அது தெரிந்திருக்கும். கை இருந்தும் கருவி இல்லை என்று ஆகிவிடக் கூடாது.

முன்கூட்டியே நான்கு டயரிலும் ஜெல் ஊற்றி வைக்கும் வழியையும் கேட்டாள். சின்ன ஆணிகளுக்குப் பலன் தரும். ஆனால் ஆணி குத்தியதே தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்போம். சக்கரத்தின் பேலன்ஸ் கெடலாம். கார் கம்பெனி ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றில்லாமலே 80 கிலோமீட்டர் தூரம் போகக்கூடிய ரன்-ஃபிளாட் டயர்கள் விலை உயர்ந்த கார்களுக்கு வருகின்றன. சின்னக் காருக்கு அந்தப் பேச்சே வேண்டாம். தனியாக ஒரு சக்கரமும் ஜாக்கியும் வாங்கி டிக்கியில் போடலாம். மாமனார் முதல் நாளிலிருந்து சொல்வது அதைத்தான். அதில் தப்பே இல்லை. பக்கவாட்டில் கிழிந்தாலும் காப்பாற்றுவது ஸ்டெப்னி ஒன்றுதான். ஆனால், டிக்கியில் மடக்கிய சக்கர நாற்காலி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து போகாது.

கடைசியாகக் கடைக்காரர் சொன்னதுதான் அவள் எதிர்பார்க்காதது. “டியூப்லெஸ்ல ஆணி குத்தினா பெரும்பாலும் உடனே இறங்காதுமா. ஆணியே அடைச்சுக்கிட்டு இருக்கும். மெதுவா கசியும். காத்தடிச்சா ஒரு மணி நேரமாவது நிக்கும். உங்க ஊர்லேருந்து இங்க வர அரை மணிகூட ஆகாது. உனக்கு மொதல்ல வேண்டியது மருந்து இல்ல, நல்ல பம்ப்.”

வண்டி வேறு, ஆள் வேறு

அன்று இரவு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு மூவரும் பேசினார்கள். மகன் போனில் கிட்களின் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எது சிறந்தது என்று அவனுக்கு முடிவு வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் பேர் நல்லது சொல்கிறார்கள், ஆயிரம் பேர் கெட்டது சொல்கிறார்கள்.

பெரியவர்தான் கேட்டார். “வண்டி நின்னுச்சுன்னா மொதல்ல எதைக் காப்பாத்தப் போறீங்க? டயரையா, என்னையா?”

யாரும் பதில் சொல்லவில்லை.

“லாரியில சரக்கு தக்காளியா இருந்தா, டயர் மாத்தறதுக்கு முன்னாடி இன்னொரு வண்டிக்குச் சொல்லி அனுப்புவோம். சிமென்ட்டா இருந்தா உக்காந்து டீ குடிச்சிட்டு மாத்துவோம். நான் இப்போ தக்காளிம்மா.”

விஷயம் அந்த ஒரு வாக்கியத்தில் தெளிவானது. இத்தனை நாளும் அந்த வீடு இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தது. டயரைச் சரிசெய்வது ஒரு வேலை. ஆறு மணிக்குள் ஒருவரை மெஷினுக்குக் கொண்டுசேர்ப்பது இன்னொரு வேலை. இரண்டாவதை எந்த பாட்டிலும் உத்தரவாதமாகச் செய்யாது. பக்கவாட்டில் ஒரு கூர்மையான கல் கிழித்துவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கிட்டும் வெறும் பொம்மைதான். அதற்கு வேண்டியது இன்னொரு வண்டி.

அதனால் பட்டியலில் முதலில் எழுதியது எந்தக் கருவியையும் அல்ல, ஊரில் இருக்கும் ஆட்டோக்காரர் ஒருவரின் நம்பரை. மறுநாள் காலை மருமகளே போய் அவரிடம் பேசினாள். வாரத்தில் எந்த மூன்று நாள், எத்தனை மணிக்கு, எந்த வழி என்று சொன்னாள். “நீ ஒரு ரிங் விடும்மா, பத்து நிமிஷத்துல வந்துருவேன்” என்றார். அவருக்கு அடுத்து இன்னொரு நம்பர். மூன்றாவது டயாலிசிஸ் யூனிட்டின் நம்பர். தாமதமானால் சொல்லிவிட்டால் படுக்கையை வேறு ஒருவருக்குக் கொடுக்காமல் காத்திருக்க வாய்ப்பு உண்டு. பிறகு இன்ஷூரன்ஸோடு வந்த அவசர உதவி நம்பர். பேட்டரி காரைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, சக்கரம் தரையில் படாமல் பிளாட்பெட் வண்டியில் ஏற்ற வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே எழுதினாள். நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் கூப்பிட தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033.

ஆளுக்கு வழி பிறந்த பிறகு, டயருக்கான முடிவு சுலபமாக வந்தது. சிகரெட் லைட்டர் துவாரத்தில் சொருகும் பம்ப், வேண்டிய அளவு வைத்தால் தானே நிற்கும் வகை, பின்சக்கரம்வரை எட்டும் ஒயர். சார்ஜ் போடும் பம்ப் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் வேண்டிய நேரத்தில் அதில் சார்ஜ் இருக்காது என்று மகனே சொல்லிவிட்டான். காரோடு வந்த பாட்டில் இரண்டாவது. திரி கிட் மூன்றாவது. கூடவே ஒரு குறடு, டார்ச், பழைய பாய் ஒன்று, கையுறை, எச்சரிக்கை முக்கோணம், சோப்புத் தண்ணீர் பாட்டில். எல்லாம் சேர்த்து மூன்று, நான்காயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

மகன் ஒரு காகிதத்தில் வரிசை எழுதி டிக்கி மூடியின் உள்பக்கம் ஒட்டினான்.

1. ஓரமாக, சமதளத்தில் நிறுத்து. காற்றில்லாமல் பத்தடிகூட ஓட்டாதே. டயரின் பக்கவாட்டு நசுங்கிச் செத்துவிடும்.
2. அப்பாவுக்கு ஆட்டோ.
3. ஆணி இருந்தால் பிடுங்காதே. பம்ப் போடு.
4. ஐந்து நிமிடம் காத்திரு. காற்று நின்றால் மெதுவாகப் போ.
5. நிற்கவில்லை என்றால் பாட்டில்.
6. அதுவும் ஆகவில்லை என்றால் உதவி வண்டி.

திரி கிட்டை வரிசையில் சேர்க்கவில்லை. “தெரிந்தவர் யாராவது வந்தால்” என்று கீழே தனியாக எழுதியிருந்தான்.

ஐப்பசி மழைக்காலத்து விடியல்

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள், காலை நாலே முக்காலுக்கு அவள் வண்டியைத் தயார் செய்யப் போனபோது பின் இடது டயரின் அளவு திரையில் 21 என்று காட்டியது. டிரைவர் கதவில் ஒட்டியிருந்த சீட்டில் இருக்க வேண்டியது 33. டார்ச் அடித்துப் பார்த்தாள். டயரின் முகத்தில், ஈர மண்ணுக்கு நடுவில், ஒரு ஸ்குரூவின் தலை பளபளத்தது.

முதல் போன் ஆட்டோக்காரருக்கு. “அண்ணா, டயர் கசியுது. பம்ப் போடறேன். ஒருவேளை கூப்பிடுவேன்.”

“நான் எழுந்துட்டேன்மா. வண்டியத் திருப்பி வச்சுக்கறேன்.”

பிறகுதான் பம்பை எடுத்தாள். வால்வு மூடியைக் கழற்றி, குழாயைத் திருகி, 33 வைத்து பட்டனை அழுத்தினாள். பம்பின் சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து, லாரி டிரைவரின் காதோடு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். எண் ஒவ்வொன்றாக ஏறி, 33-ல் தானே நின்றது. ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். அவர் சொல்லிக் கொடுத்தபடி எச்சிலைத் தொட்டு ஸ்குரூவைச் சுற்றித் தடவினாள். மெல்ல ஒரே ஒரு குமிழி வந்தது.

“போலாம்” என்றார்.

நாற்பதுக்கு மேல் வேகம் போகவில்லை. பாதி வழியில் நிறுத்தித் திரையைப் பார்த்தாள்: 32. ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் படுக்கையில் இருந்தார். ஆட்டோக்காரருக்கு “வந்து சேர்ந்துட்டோம்ணா” என்று சொன்னாள். பாட்டில் தெர்மாகோல் தட்டிலேயே இருந்தது. எட்டரை மணிக்குக் கடை திறந்ததும் கடைக்காரர் டயரைக் கழற்றி, உள்ளிருந்து அடைத்துக் கொடுத்தார். உள்ளே பால் இல்லாததால் இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. கழற்றிய ஸ்குரூவைக் காகிதத்தில் மடித்து அவள் கையில் வைத்தார்.

எல்லா நாளும் இப்படிச் சுலபமாக முடியும் என்று சொல்ல முடியாது. அடுத்த தடவை கல் கிழிக்கலாம், பாட்டில் வேலை செய்யாமல் போகலாம். அன்றைக்கு அந்த ஆட்டோ வர வேண்டியிருக்கும். அந்த வீட்டில் அதை எல்லோரும் தெரிந்தே வைத்திருக்கிறார்கள்.

ஸ்டெப்னி இல்லாத கார் வைத்திருப்பவர்கள் எந்தக் கிட் நல்லது என்று கடையில் கேட்பதற்கு முன்னால், வீட்டில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. டயர் இறங்கும்போது பக்கத்தில் நிற்கப் போவது யார்? அவரால் எதைச் செய்ய முடியும்? காருக்குள் காத்திருக்க முடியாதவர் யாராவது இருப்பாரா? நல்ல பலசாலி, தினமும் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் என்றால் திரி கிட்டைக் கற்றுக்கொண்டு, டிக்கியில் இடமிருந்தால் ஒரு சக்கரத்தையும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஊருக்குள்ளேயே ஓட்டும் வயதானவருக்கு நல்ல பம்பும் இரண்டு போன் நம்பரும் போதும். கைக்குழந்தையோடு இரவில் பயணம் செய்பவருக்கு பாட்டிலும் உதவி வண்டியும். ஒரே கார்தான், ஆனால் ஆளுக்கு ஆள் கிட் மாறும். எதை வாங்கினாலும், அவசரம் வருவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வைத்து ஒரு தடவை பம்ப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

அந்த வீட்டில் மாதம் ஒரு ஞாயிறு அது நடக்கிறது. மருமகள் நான்கு டயரையும் அளக்க, பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து எண்களை காலண்டரில் எழுதுகிறார். பாட்டில் காலாவதியாகும் தேதியையும் அவர் அதே காலண்டரின் பின்அட்டையில் எழுதி வைத்திருக்கிறார். அது முடிய இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.

“அது முடியற அன்னிக்கு நான் உங்கிட்ட ஞாபகப்படுத்தறேன்மா” என்கிறார்.

“நீங்கதான் மாமா ஞாபகப்படுத்தணும்” என்கிறாள் அவள், வால்வு மூடியைத் திருகிக்கொண்டே.